அந்தக் கறுப்பு நாற்காலி

அன்புள்ள ஐயா,

ராக் இசை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். கல்லூரியில் ஒரு நண்பன் கொடுத்த டீப் பர்பிள் கேசட்டில் ஆரம்பித்தது என் பைத்தியம். அப்புறம் பிளாக் சபாத், ஏசி டிசி, ஜூடாஸ் பிரீஸ்ட், அயர்ன் மெய்டன் என்று போய்க்கொண்டே இருந்தது. இப்போது அதே ஆட்களை மேடையில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஏசி டிசியின் பாடகர் பிரையன் ஜான்சன் மேல்சுருதியை எட்ட முடியாமல் திணறுகிறார். பிளாக் சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் நடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து பாடியதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கிஸ் இரண்டு முறை விடைபெற்றது. மாட்லி க்ரூ இனி சுற்றுப்பயணமே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது. ஸ்கார்பியன்ஸ் 2010இல் விடைபெறுவதாகச் சொன்னது, இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது. லெட் செப்பலின் மாதிரி சரியான நேரத்தில் நிறுத்தத் தெரிய வேண்டாமா? இது இளமையின் இசை. கிழவர்கள் இதை வாசிப்பது அவர்களுடைய பழைய பாட்டுக்கே அவமரியாதை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நீங்கள் பாதியில் நிறுத்திய காணொளியை நான் முழுக்கப் பார்த்தேன். அப்புறம் இன்னும் இரண்டு முறை பார்த்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2025 ஜூலை 5, பர்மிங்காம் நகரின் வில்லா பார்க் கால்பந்து மைதானம். மதியத்திலிருந்து மெட்டாலிகா, ஸ்லேயர், பாண்டெரா, கன்ஸ் அண்ட் ரோசஸ் என்று வரிசையாக வாசித்து முடித்திருந்தார்கள். எல்லோரும் சபாத்தின் பிள்ளைகள்தான். கடைசியில் மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கறுப்பு நாற்காலி மேலெழும்பி வருகிறது. அதில் ஓஸி. பார்க்கின்சன் நோய் அவருடைய கால்களை எடுத்துக்கொண்டுவிட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கைகளை மட்டும் தூக்குகிறார். கண்கள் பெரிதாக விரிந்திருக்கின்றன. அந்த மைதானம் இருக்கிற ஆஸ்டன் பகுதியில்தான் அவர் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது ஆட்டம் பார்க்க வந்தவர்களின் கார்களைப் பார்த்துக்கொண்டு சில்லறை வாங்கியவர். அதே இடத்தில் 40,000 பேர் அவருக்காக நிற்கிறார்கள்.

முதலில் தன் தனிப் பாட்டுகளைப் பாடினார். மெதுவான பாட்டு ஒன்றில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தைக் கூட்டம் பாடி நிரப்பியது. பிறகு சபாத்தின் மற்ற மூவரும் வந்தார்கள்: கிட்டாருக்கு டோனி அயோமி, பேஸ் கிட்டாருக்கு கீசர் பட்லர், டிரம்ஸுக்கு பில் வார்ட். நால்வரும் ஒரே மேடையில் நின்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கே பாட்டு. 77 வயது பில் வார்ட் சட்டையில்லாமல் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தார். அவர் பழைய வேகத்தில் வாசிக்கவில்லை என்பது கேட்டால் தெரியும். ஆனால் 'அயர்ன் மேன்' பாட்டின் அந்தக் கனத்த நடை, ஒரு அடி எடுத்துவைத்து அடுத்த அடிக்குக் கொஞ்சம் காத்திருக்கிற நடை, அவர் கையில்தான் இருக்கிறது. இடையில் அவர் இடத்தில் வாசித்தவர்கள் எல்லோரும் அவரைவிடச் சுத்தமாக வாசித்தார்கள். அந்தக் காத்திருப்பு மட்டும் யாருக்கும் வரவில்லை. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஓஸி இறந்துபோனார்.

நீங்கள் அங்கே நோயாளியைப் பார்த்தீர்கள். நோயாளிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இசை இளமையின் இசை, திடமான உடம்பின் இசை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். இந்தக் கனத்த ராக்கை ஹெவி மெட்டல் என்பார்கள், அது பிறந்ததே அடிபட்ட ஒரு கையிலிருந்து.

டோனி அயோமிக்கு அப்போது பதினேழு வயது. பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அன்று கடைசி நாள். ஒரு இசைக்குழுவோடு வெளிநாடு கிளம்பப்போகிறார். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி போகவில்லை என்றார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். தகடு அழுத்துகிற இயந்திரத்தில் வழக்கமாக வேலை செய்யும் ஆள் அன்று வரவில்லை. அதில் இவரை நிறுத்தினார்கள். இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடதுகைக்காரர். அப்படியென்றால் கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீவிபத்தில் இரண்டு விரல் முடங்கிப்போன பிறகும் வாசித்த கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல்நுனிக்குத் தக்க மூடி செய்து, அதன் மேல் தோல் ஒட்டிக்கொண்டார். மூடி போட்ட விரலுக்குத் தந்தி தொடுகிற உணர்வே இருக்காது. கனத்த தந்தியை அழுத்தினால் வலிக்கும். அதனால் மெல்லிய தந்தி போட்டார். பிறகு தந்தி தளர்வாக இருக்கட்டும் என்று சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளில் ஒன்றரைக் கட்டை இறக்கியிருப்பார். தந்தி தளர்ந்ததும் ஒலி இருண்டது, கனத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க மெட்டல் வாசிக்கிற பிள்ளைகள் சுருதியை இறக்கி வாசிக்கிறார்களே, அதன் வேரில் ஒரு பையனின் விரல் வலி இருக்கிறது.

டெஃப் லெப்பர்ட் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். டிரம்ஸ் வாசிப்பவர் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கை போய்விட்டது. மற்றவர்கள் வேறு ஆள் தேடவில்லை. காலால் மிதித்து வாசிக்கிற மாதிரி மின்னணு டிரம்ஸ் அமைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார். 1987இல் வந்த 'ஹிஸ்டீரியா' அவர்களுடைய ஆகப்பெரிய ஆல்பம். அப்போது அவரைப் பார்த்து யாரும் இரக்கத்துக்காகக் கேட்கிறோம் என்று சொல்லவில்லை. இருபத்தோரு வயதில் கை போனவன் வாசித்தால் வீரம், எழுபத்தாறு வயதில் கால் போனவர் பாடினால் அவமரியாதையா? இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

சரி, குரலுக்கு வருவோம். பிரையன் ஜான்சன் திணறுகிறார் என்கிறீர்கள். அவர் ஏசி டிசிக்கு வந்தது 1980இல், முந்தைய பாடகர் பான் ஸ்காட் இறந்து சில வாரங்களில். அன்றிலிருந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுகிறார். 2016இல் காது போனது. இனியும் மேடையேறினால் முழுச் செவிடாகிவிடுவீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள், நிறுத்தினார். புதுவகைக் காதுக் கருவி ஒன்றை அவருக்கென்று உருவாக்கிக் கொடுத்த பிறகு, 2023 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஏசி டிசியோடு மறுபடி மேடையேறினார். அந்த இரவின் பதிவைக் கேட்டுப் பாருங்கள். எட்ட முடியாத இடத்தை எட்டுவதாக அவர் நடிப்பதில்லை. வரியைக் கொஞ்சம் முன்பே முடித்துக்கொள்கிறார், மூச்சு வாங்கிக்கொள்கிறார், மறுபடி பாய்கிறார். வயதாகும் பாடகர்களுக்காக இசைக்குழுக்கள் சுருதியை அரைக் கட்டை இறக்குவதும் வழக்கம்தான். இறக்கினால் அதே பாட்டுக்கு வேறு நிறம் வரும். அது குறை என்று எனக்குத் தோன்றியதில்லை. 1980இல் பதிவான ஆல்பம் எங்கும் போய்விடவில்லை, எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். மேடையில் கேட்பது இன்றைய ஆளின் இன்றைய பாட்டு.

சில விஷயங்களில் உங்கள் கோபம் நியாயமானது. விடைபெறுகிறோம் என்று சொல்லி டிக்கெட் விற்றுவிட்டுத் திரும்பி வருவது ரசிகனை ஏமாற்றுவதுதான். மாட்லி க்ரூ 2014இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், 2015 கடைசி நாளில் கடைசிக் கச்சேரி வாசித்தார்கள், 2019இல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல ஒரு காணொளி போட்டார்கள். இதுதான் கடைசி என்று நம்பிக் கண்ணீரோடு போய் நின்றவன் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பான்? எனக்கு அது இன்றும் கசப்புதான். கிஸ் 2023 டிசம்பரில் நியூயார்க்கில் முடித்துக்கொண்ட அதே இரவில், இனி எங்கள் கணினி உருவங்கள் ஆடும் என்று அறிவித்தது. உடம்பே இல்லாத ராக் எனக்கு வேண்டாம். பணம் ஒரு காரணம் என்பதும் உண்மை. ஆல்பம் விற்றுச் சம்பாதித்த காலம் போய்விட்டது, மேடைதான் வருமானம். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன், அது அவர்களுடைய தொழில்.

மறுபடி ஒன்றுசேர்வதிலும் இரண்டு வகை இருக்கிறது. சிலர் பழைய படத்தைப் பிரதி எடுக்கவே சேர்கிறார்கள். சிலருக்கு அப்போதுதான் புதிதாக ஏதோ தொடங்குகிறது. அயர்ன் மெய்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்தபோது, இடையில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஜானிக் கெர்ஸை அனுப்பிவிடவில்லை. மூன்று கிட்டார் ஆனது. அதனால் பாட்டின் கட்டுமானமே மாறியது, நீண்டது. எண்பதுகளின் மெய்டனைவிட அதற்குப் பிந்தைய மெய்டனை அதிகம் விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் சில நாட்களில் அந்தப் பக்கம்தான். டீப் பர்பிள் 1984இல் சேர்ந்தபோது வெறும் பழைய பாட்டுகளோடு வரவில்லை, 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பத்தோடு வந்தார்கள். 2024இலும் புது ஆல்பம் போட்டார்கள். 1968இல் தொடங்கியபோது டிரம்ஸில் உட்கார்ந்த இயன் பெய்ஸ் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நிக்கோ மெக்பிரெயினையும் சொல்லியாக வேண்டும். மெய்டனில் நாற்பது ஆண்டுக்கு மேல் டிரம்ஸ் வாசித்தவர். 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. சில மாதங்களில் சுற்றுப்பயணம். முன்போல வாசிக்க முடியாத வேகமான இடங்களை விட்டுவிட்டு, தாளத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்டு வாசித்தார். 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் கடைசி முறை வாசித்துவிட்டு, சுற்றுப்பயணத்திலிருந்து தானே விலகிக்கொண்டார். அடுத்த ஆண்டு வேறு ஒருவரோடு மெய்டன் கிளம்பியது. நிறுத்தத் தெரிய வேண்டும் என்றீர்களே, இதோ தெரிந்தவர்.

ஜூடாஸ் பிரீஸ்டில் கிட்டார் வாசிக்கும் கிளென் டிப்டனுக்கும் பார்க்கின்சன்தான். 2018இல் வெளியே சொன்னார். அதன் பிறகு முழுக் கச்சேரி வாசிப்பதில்லை. உடம்பு ஒத்துழைக்கிற இரவுகளில், கடைசிச் சில பாட்டுகளுக்கு மட்டும் வருவார். மற்ற நேரம் அவருடைய பகுதிகளை ஆண்டி ஸ்னீப் வாசிப்பார். டிப்டன் வரும்போது அவர் விரல்களைப் பாருங்கள். முன்பு தனியாகப் பறந்து வாசித்த இடங்களில் இப்போது எளிய பகுதியை எடுத்துக்கொள்கிறார். முகத்தில் வெட்கம் எதுவும் இருக்காது. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் பக்கத்தில் வந்து நின்று பாடுவார். 2024இல் வந்த அவர்களுடைய 'இன்வின்சிபிள் ஷீல்ட்' ஆல்பத்தை இளைஞர்கள் வாசித்தது என்று சொல்லி யாருக்காவது போட்டுக் காட்டினால் நம்பிவிடுவார்கள்.

லெட் செப்பலின் பற்றி எழுதியிருந்தீர்கள். 1980இல் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் இறந்ததும் அவர்கள் கலைத்துவிட்டார்கள். 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒரே ஒரு முழுக் கச்சேரி, பான்ஹமின் மகன் ஜேசனோடு. அதற்கு மேல் இல்லை. மோட்டர்ஹெட்டின் லெம்மி 2015 டிசம்பர் 11 அன்று பெர்லினில் வாசித்தார், 28ஆம் தேதி இறந்தார், இசைக்குழுவும் அவரோடு முடிந்தது. இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் செப்பலின் நிறுத்தியது மேடை மரியாதைக்காக என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நண்பன் இல்லாமல் வாசிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ரஷ் குழுவின் மற்ற இருவரும், டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் 2020இல் இறந்த பிறகு இனி இல்லை என்றுதான் இருந்தார்கள். 2025இல் மனம் மாறி, அனிகா நில்லஸ் என்கிற பெண்ணை டிரம்ஸுக்கு அழைத்துக்கொண்டு 2026இல் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். அந்த இருவருக்கும் இப்போது நண்பன் இல்லாத மேடையில் அவனுடைய பாட்டை வாசிக்க வேண்டும் போலிருக்கிறது. இரண்டு துக்கத்தில் எது சரியான துக்கம் என்று நாம் வெளியிலிருந்து சொல்ல முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சபாத் 2013இல் '13' என்று ஒரு ஆல்பம் போட்டது. ஒப்பந்தத் தகராறில் பில் வார்ட் அதில் இல்லை, பிராட் வில்க் வாசித்தார். அது எனக்கு இன்னும் ஒரு குறைதான். முந்தின ஆண்டுதான் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. சிகிச்சைக்கு இடையில்தான் அந்த வேலையெல்லாம் நடந்தது. 1970இல் வந்த முதல் ஆல்பத்தை உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். மழைச் சத்தம், இடி, தூரத்தில் ஒரு தேவாலய மணி, அப்புறம்தான் அயோமியின் கிட்டார் வரும். '13'இன் கடைசிப் பாட்டை இரவில் விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள். கிட்டார் அடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். அதே மழை வரும், அதே மணி அடிக்கும்.