நண்டின் பங்கு

அன்புள்ள ஐயா,

போன வாரம் விடிவதற்கு முன் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓர் ஆமைக்குஞ்சைப் பார்த்தேன். செல்போன் விளக்கைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு நண்டு அதை வளைக்குள் இழுத்துப் போய்விட்டது. இன்னொரு குஞ்சைக் கையில் தூக்கிப்போய் அலையில் விட்டேன். நண்டு, காக்கை, நாய், மீன் என்று பிறந்தவுடன் இத்தனை எதிரிகளா? இயற்கை ஏன் இவ்வளவு கொடூரமாக இருக்கிறது?

ம.

அன்புள்ள ம.,

ஒரு குஞ்சுக்காக இத்தனை தவித்திருக்கிறீர்கள். அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செல்போன் விளக்கை ஏன் போட்டீர்கள்? இருட்டில் கரையைவிடக் கடற்பக்கம் சற்று வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்துத்தான் குஞ்சு நகரும். நடுவில் ஒரு விளக்கைக் காட்டினால் அது திகைத்துத் தடுமாறும். நண்டுக்கு நேரம் கொடுத்தது நீங்கள்தான். குஞ்சைத் தூக்கி அலையில் விட்டதும் தப்பு. மணலில் அது தானே ஊர்ந்து போக வேண்டும்.

நண்டையும் காக்கையையும் மீனையும் விடுங்கள். நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடுகிறது. நண்டின் பங்கு, மீனின் பங்கு எல்லாம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒடிசாவின் ருஷிகுல்யாவில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான ஆமைகள் கரையேறும் வருடங்கள் உண்டு. பின்னால் வருவது முன்னால் வந்ததன் குழியையே தோண்டி முட்டைகளை உடைத்துவிடும். அப்படியும் நரியும் நண்டும் தின்று தீர்க்க முடியாத அளவு மிஞ்சும்.

ஆனால் நாயை எப்படி இயற்கையில் சேர்த்தீர்கள்? அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆமைக் குழிகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடப்பதற்கு ஆமை நடை என்று பெயர். சென்னையில் 1988இல் மாணவர்கள் தொடங்கிய அந்த நடை இன்றும் நடக்கிறது. இளவயதில் ஒரு தை மாத இரவு நானும் நீலாங்கரையிலிருந்து நடந்தேன். டிராக்டர் சக்கரம் பதிந்த மாதிரி மணலில் ஒரு தடம். ஆசையாகத் தொடர்ந்து போனோம். குழி தோண்டிக் கிடந்தது. சுற்றிலும் வெள்ளைத் தோல்கள், மணலில் ஊறிய மஞ்சள் கரு. வாயை நக்கியபடி நான்கு நாய்கள். ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. கூட வந்த மீனவப் பெரியவர் நாய்களை விரட்டக்கூட இல்லை. "இதெல்லாம் கடலுக்கு வந்த நாய் இல்ல தம்பி, எச்சில் இலைக்கு வந்த நாய்" என்றார்.

நண்டு ஒரு குஞ்சை எடுக்கும். நாய் ஒரு குழியையே காலி செய்யும். சென்னைக் கரையில் ஆமைகள் கூட்டமாக வருவதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் குழிகள். நாய்கள் மணலில் பெருகியது நாம் கொட்டும் சோறாலும் மீன் கழிவாலும். எத்தனை முட்டையிட்டாலும் அந்தக் கணக்கை ஆமையால் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைக்கிறார்கள்.

இழுவலையில் மூச்சுமுட்டிச் சாகும் பெரிய ஆமைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போது அதற்குள் போகவில்லை.

வரும் தை மாதம் அந்த நடைக்கு வாருங்கள், செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு. அதுவரை பெசன்ட் நகரில் வறுத்த மீன் சாப்பிட்டால் முள்ளையும் தட்டையும் மணலில் போட்டுவிட்டு வராதீர்கள்.