தம்பிக்குக் கேட்க வேண்டியது மன்னிப்பா, கழிவா, விடுப்பா?

கேள்வி: நிலத் தகராறில் நடந்த ஒரு கொலைக்காக என் தம்பி ஆயுள் தண்டனை பெற்று மதுரை மத்திய சிறையில் இருக்கிறான். உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்துவிட்டது. உள்ளே போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ‘கருணை மனு போடுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘ரெமிஷன் கேளுங்கள்’ என்கிறார் இன்னொருவர். ‘பரோல் போதும்’ என்றும் சொல்கிறார்கள். இறந்தவரின் அண்ணனோ ‘நாங்கள் மன்னித்துவிட்டோம், எழுதித் தருகிறோம்’ என்கிறார். எல்லாம் ஒன்றுதானா? எதைக் கேட்பது?
- ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, இவை ஒன்றல்ல. ஒவ்வொன்றையும் கேட்க வேண்டிய இடம் வேறு, கிடைப்பதும் வேறு. அம்மாவின் உடல்நிலையைப் பார்த்தால், எதை முதலில் கேட்பது என்பதும் முக்கியம்.

முதலில் விடுப்பு. நாம் பரோல் என்று சொல்வது தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தரப்படுகிறது. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று அதில் இரண்டு உண்டு. பெற்றோரின் கடுமையான நோய் அவசர விடுப்புக்கு உரிய காரணம். விண்ணப்பத்தைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. அரசு மருத்துவமனைச் சான்று, டயாலிசிஸ் அட்டையின் நகல், தம்பி தங்கப்போகும் வீட்டு முகவரி மூன்றும் இணைந்திருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலரோ உள்ளூர்க் காவலரோ வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அந்த நேரத்தில் வீடு பூட்டியிருந்தால் மனு அங்கேயே தங்கிவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: விடுப்பில் தண்டனை குறையாது, நிறுத்திவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். முன்விடுதலைக்குத் தேவையான பதினான்கு ஆண்டுக் கணக்கில் பரோல் நாட்களைச் சேர்க்க முடியாது என்று 2023 ஜனவரியில் கோவா கைதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது, ரெமிஷன் என்கிற தண்டனைக் கழிவு. நன்னடத்தைக்கும் சிறைவேலைக்கும் கிடைக்கும் கழிவு நாட்களைக் கூட்டி ‘இருபது வருடம் முடிந்துவிட்டது, விட்டுவிடுவார்கள்’ என்று பல குடும்பங்கள் காத்திருக்கின்றன. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான் என்பது 1961-இல் கோபால் கோட்சே வழக்கிலேயே முடிவானது. அரசு ஆணை பிறப்பித்தால்தான் கதவு திறக்கும். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர், கழிவைச் சேர்க்காமல் பதினான்கு ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 475-ஆவது பிரிவு. கொலை வழக்கு இதில்தான் வரும். ஆகவே இந்த வழியில் தம்பிக்கு இன்னும் சுமார் மூன்று ஆண்டு பாக்கி. விசாரணைக் கைதியாக இருந்த காலம் கணக்கில் சேரும். ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் சேராது. பலர் தவறுவது இங்கேதான். சிறையில் ‘நாமினல் ரோல்’ எனும் கைதியின் தண்டனை விவரப் பதிவைக் கேட்டு வாங்கி, கைது தேதியிலிருந்து நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கருணை மனு இந்தப் பதினான்கு ஆண்டு வேலிக்குக் கட்டுப்பட்டதல்ல. அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்தை 433-ஏ தொட முடியாது என்று 1980-இல் மாரு ராம் வழக்கில் தீர்ப்பானது. அதிகாரம் ஆளுநர் பெயரில் இருந்தாலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் செயல்பட வேண்டும். 2022 மே 18-இல் பேரறிவாளன் தீர்ப்பும் இதை மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆனால் அவரை விடுவித்தது கருணை அல்ல. அமைச்சரவையின் பரிந்துரை 2018 செப்டம்பரிலிருந்து முடிவில்லாமல் கிடந்ததால், முழு நீதி வழங்கும் தன் அதிகாரத்தை 142-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் பயன்படுத்தியது.

161-க்குள்ளும் படிகள் உண்டு. முழு மன்னிப்பு கிடைத்தால் குற்றத்தீர்ப்பே துடைக்கப்படும். கழிவு தீர்ப்பைத் தொடாது; வெளியே வந்த பிறகும் அவர் தண்டிக்கப்பட்டவர்தான். தண்டனை மாற்றம் தண்டனையின் வகையையே மாற்றும். நளினியின் தூக்கு 2000-இல் ஆயுளாக மாறியது இப்படித்தான். பதினோரு ஆண்டு கழித்த தம்பிக்கு முழு மன்னிப்புக் கேட்பது வீண் முயற்சி என்பது எங்கள் கருத்து. ‘எஞ்சிய தண்டனையைக் கழித்து முன்விடுதலை தருக’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். 2008-இல் ஏழாண்டு, 2018-இல் பத்தாண்டு முடித்த ஆயுள் கைதிகளை விடுவிக்கத் தமிழக அரசு இந்த 161-ஐத்தான் பயன்படுத்தியது. அந்த ஆணைகள் குறிப்பிட்ட தேதியில் தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே என்பதால் தம்பி அவற்றைக் காட்டி உரிமை கோர முடியாது. இனி அப்படி ஓர் ஆணை வந்தால் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள்.

மனுவின் வாசகத்துக்கு வருவோம். பெரும்பாலான கருணை மனுக்கள் மேல்முறையீட்டைத் திரும்ப எழுதியது போல இருக்கின்றன: சாட்சி பொய், கத்தி கைப்பற்றியதில் குளறுபடி, என் தம்பி நிரபராதி. மேல்முறையீடு தீர்ப்பு சரியா என்று பார்க்கும். கருணை மனு, தீர்ப்பு நிற்கட்டும், இந்த மனிதரை இனியும் உள்ளே வைத்திருக்க வேண்டுமா என்று கேட்கும். சாட்சியங்களையும் குடியரசுத் தலைவர் தாமே ஆராயலாம் என்று 1988-இல் கேஹர் சிங் வழக்கில் சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் இரு நீதிமன்றங்கள் பார்த்து முடித்ததை நான்கு பக்கம் எழுதினால், படிக்க வேண்டிய ஐந்தாம் பக்கம் படிக்கப்படாமல் போகும்.

முன்விடுதலைக்கு எவற்றைப் பார்க்க வேண்டும் என்று லட்சுமண் நஸ்கர் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் ஐந்து கேள்விகளைத் தந்திருக்கிறது. குற்றம் தனிமனிதர்களோடு நின்றதா, சமூகத்தையே பாதித்ததா? மீண்டும் நடக்குமா? குற்றம் செய்யும் திறன் அவரிடம் இன்னும் இருக்கிறதா? மேலும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா? குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன? மனுவை இந்தக் கேள்விகளுக்கான பதிலாக எழுதுங்கள். தகராறுக்குக் காரணமான நிலம் இப்போது யார் கையில், வழக்கு முடிந்ததா? பத்திர நகலை வையுங்கள். சிறையில் என்ன படித்தார், என்ன தொழில் கற்றார்? விடுப்பில் வந்துபோயிருந்தால் ஒவ்வொரு முறையும் நேரத்துக்குத் திரும்பினாரா? இந்தக் கடைசிப் பதிவு பத்து சிபாரிசுக் கடிதங்களுக்குச் சமம். உண்மையில் சிபாரிசுக் கடிதமே வேண்டாம். ஆந்திராவில் ஒருவருக்குத் தரப்பட்ட கழிவு, அவர் ஒரு கட்சியின் நல்ல தொண்டர் என்பது போன்ற விவரங்கள் கோப்பில் இருந்ததால் 2006-இல் ரத்தானது.

மனுவைத் தம்பி கொடுத்தால் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே போக வேண்டும். நீங்கள் கொடுப்பதானால் ‘அவர் இப்போது சிறையில் இருக்கிறார்’ என்ற உறுதிமொழியைச் சேருங்கள். பதினான்கு ஆண்டு முடிந்து புதிய சட்டத்தின் 473-ஆவது பிரிவின்கீழ் கழிவு கேட்கும்போது இந்த வரி விடுபட்டால், மனுவை ஏற்காமல் இருக்க அதுவே போதும்.

இறந்தவரின் அண்ணன் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு சொல் எந்தக் குடும்பத்திலிருந்தும் எளிதில் வராது. ஆனால் நம் சட்டத்தில் கொலை சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமல்ல. அவர்கள் மன்னித்தாலும் தண்டனை போகாது. மன்னிக்காவிட்டாலும் அரசு கருணை காட்டலாம். அவராக முன்வந்தால் அவருடைய கையெழுத்தில், அவருடைய சொற்களிலேயே ஒரு கடிதம் இருக்கட்டும். நீங்கள் வாசகம் தயாரித்துக் கையெழுத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். பணமோ நிலமோ பேச்சில் வரவே கூடாது. மிரட்டி வாங்கியது என்று ஒரு புகார் போனால் தம்பியின் நன்னடத்தைப் பதிவே கெடும். அந்த வீட்டில் இன்னும் ஆறாதவர்கள் இருப்பார்கள். அண்ணன் ஒருவரின் சொல்லை எல்லோருடைய சொல்லாக நினைத்துக் கதவைத் தட்ட வேண்டாம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்குக் கடன் வாங்காதீர்கள். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். முன்விடுதலையை நிராகரித்தால் காரணத்தைச் சுருக்கமாகவாவது பதிவு செய்து கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி 18-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காரணம் இல்லாமல் வந்தால், அதையே சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். நீதிமன்றம் தானே கருணை காட்டாது. முறைப்படி மீண்டும் பரிசீலிக்கச் சொல்லி அரசுக்கு அனுப்பும்.