பயந்தது பரமதத்தன்

அன்புள்ள அக்கா,

உங்கள் பேய்க்கதைகளைப் படித்துவிட்டு ராத்திரியில் கொல்லைப்பக்கம் போகாமல் இருந்தவன் நான். இப்போது எழுதும் தொடரில் பேயைக் காதலனாக்கிவிட்டீர்கள். வெளிநாட்டு வாம்பயர் கதைகளின் பாதிப்பா, இல்லை அதுதான் விற்கிறது என்பதாலா? கடைசியில் நீங்களும் மற்ற பெண் எழுத்தாளர்களைப் போலக் காதலுக்கே வந்துவிட்டது ஏமாற்றம். ஆறாவது அத்தியாயத்திலிருந்து அவள் தினமும் அவனுக்கு டீ போட்டு வைக்கிறாள். அவன் குடிப்பதே இல்லை. குடிக்காதவனுக்கு எதற்கு டீ? லாஜிக் இடிக்கிறது. பழையபடி எழுதுவீர்களா?

பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொல்லைப்பக்கம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. உங்கள் கடிதம் வந்தது ஆனிப் பௌர்ணமி வாரத்தில். காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும் நாட்கள். நான் வேறு எதையும் நினைக்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

விற்பனைக்காகவா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அப்படி நினைப்பவரிடம் இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? வாம்பயர் விஷயத்துக்கு ஒன்று மட்டும். 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வை நீங்கள் சுத்தமான திகில் என்றுதானே சொல்வீர்கள்? அதில் செத்துப்போன லூசி கல்லறைத் தோட்டத்தில் நின்று, தனக்கு நிச்சயிக்கப்பட்ட ஆர்தரைப் பார்த்துக் கையை நீட்டி, என்னிடம் வா என்று கூப்பிடுகிறாள். அவள் நெஞ்சில் முளையை அடித்து இறக்குவதும் அதே ஆர்தர்தான். அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது அவளுடைய பல்லைப் பார்த்து இல்லை, அவன் கையைப் பார்த்து.

அப்புறம் அந்த ‘மற்ற பெண் எழுத்தாளர்களைப் போல’. இதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். மாத நாவலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் தூங்கிய பிறகு நாலு பக்கம் படித்துவிட்டு விடிவதற்கு முன் எழுந்து வாசல் தெளித்த பெண்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். அவர்கள் படித்தது மட்டமானது, நீங்கள் படித்தது உசத்தி என்று யார் சொன்னது? பயப்படுவது ஆம்பளைத்தனம், அழுவது பொம்பளைத்தனம் என்று ஒரு கணக்கு உங்களுக்குள் இருக்கிறது தம்பி, அதைக் கழற்றி வையுங்கள். ‘நீலிக் கண்ணீர்’ என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம். பழையனூர் நீலி யார்? முந்திய பிறவியில் புருஷன் கையால் செத்தவள். பேயாகித் திரும்பி வந்து, இவன் என் புருஷன் என்று ஊர்ச்சபையில் நின்று அழுதாள். கொன்றவன் பெயர் நமக்கு ஞாபகம் இல்லை. செத்தவளுடைய அழுகையைப் பொய்க்கு உவமையாக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பழையனூருக்குப் பக்கத்து ஊர்தான் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போன ஊர். அவர் தேவார மூவருக்கும் முந்தியவர். தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டு, சுடுகாட்டை உள்ளிருந்து பாடியவர். தமிழில் திகில் எழுத வருகிற யாரும் அவர் வாசலைத் தாண்டாமல் போக முடியாது, நானும் அப்படித்தான் போனேன். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண் என்று அவர் பாடியதை எடுத்துக்கொண்டு ஒரு டஜன் கதைகளுக்காவது பேய் செய்திருப்பேன். ஆனால் அந்தப் பேய் எங்கிருந்து வந்தது என்பதை எழுதவே இல்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. அவள் புருஷன் பரமதத்தன் இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். புனிதவதி ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிடுகிறாள். மத்தியானம் சாப்பிட வந்தவன் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்க, உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள், கைக்குப் பழம் வருகிறது. அதன் ருசியில் சந்தேகப்பட்டு அவன் கேட்கிறான். அவள் மறைக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கைக்கு வந்ததும் மறைகிறது. அங்கேதான் அவனுக்குப் பயம் பிடிக்கிறது. வியாபாரம் என்று சொல்லிக் கப்பலேறிப் போனவன் பாண்டிநாட்டில் வேறொரு கல்யாணம் செய்துகொள்கிறான், பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான், தேடி வந்த இவளைப் பார்த்ததும் மனைவி குழந்தையோடு காலில் விழுகிறான். அதற்குப் பிறகுதான் அவள் பேய் வடிவம் கேட்கிறாள். சேக்கிழார் வாக்கில், ‘இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து’.

இவனுக்காக. அந்தச் சொல்லை விட்டு என்னால் நகரவே முடியவில்லை. பக்திக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு, அந்த உடம்பு, இவ்வளவு நாள் யாருக்காகச் சுமந்தது என்பதை அவளே வாய்விட்டுச் சொல்கிறாளே! கதையில் பயந்தவன் யார் என்று பாருங்கள். பேயைப் பார்த்து மற்றவர்கள் ஓடியதெல்லாம் பிறகு. கூடவே படுத்து எழுந்த பெண்ணைப் பார்த்து ஒருத்தன் ஓடினான், அவள் பேயானது அதற்கு அப்புறம். அவன் ஓடாமல் இருந்திருந்தால் என்ன என்ற கேள்விதான் என் தொடர். நான் முன்னாடி எழுதியதெல்லாம் ஓடியவர்களின் பக்கம் நின்று எழுதியது. கதவைச் சாத்து, விளக்கைப் போடு, திரும்பிப் பார்க்காதே. இந்தத் தொடரில் அவள் கதவைத் திறந்து வைக்கிறாள், அவ்வளவுதான். இதிலும் பயம் இருக்கிறது, நாளைக்கு அவன் வராமல் போய்விட்டால் என்ற பயம்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னது என் ஆயா. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது கடலூரிலிருந்து பஸ்ஸில் மாங்கனித் திருவிழாவுக்குக் கூட்டிப்போனாள். பிச்சாண்டவர் ஊர்வலம் வரும்போது மாடியிலிருந்தெல்லாம் மாம்பழம் வீசுவார்கள், அதைப் பிடிக்கக் கூட்டம் அலைமோதும். ஆயா முந்தானையை விரித்து ஒன்றைப் பிடித்துவிட்டாள். திரும்பும்போது தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம் வரைக்கும் கதைதான். பரமதத்தன் கப்பலேறிய இடத்தில் நிறுத்தி, வெற்றிலைச் சாற்றை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, “பயந்தாங்கொள்ளிப் பய” என்றாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் தாத்தா பழைய துறைமுகத்தில் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். கடலூரில் அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்ச் சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஒவ்வொரு அமாவாசையும் படையல் முடிந்து, ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, ஆயா திண்ணையில் ஒரு சுருட்டை வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். யார் வீட்டில் கல்யாணம், அரிசி என்ன விலை, உன் பிள்ளை என்னை மதிப்பதில்லை. நான் பாயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

என் முதல் கதை அதுதான். ஒரு கிழவி, திண்ணை, இருட்டில் தானாகக் கனலும் சுருட்டு நுனி. பத்திரிகையில் வந்தது, நிறையப் பேர் பயந்தார்கள். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, அம்மா படித்துக் காட்டினாள். முழுசாகக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“என்ன வேணா எழுதிக்க. அந்த மனுசன ஏண்டி பேயாக்கின? ஒரு புள்ளையக்கூட அதட்டி அறியாதவரு. அவரு வந்து யாரப் பயமுறுத்தப் போறாரு?”

என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகும் ஆயா ஆறு வருஷம் இருந்தாள், அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டீயைப் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, மறந்தே போனேன். அவன் குடிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும் தம்பி. சுருட்டும் விடியும் வரை திண்ணையில் அப்படியேதான் கிடக்கும். ஆயா எழுந்து வந்து அதை எடுத்து, பனி ஈரம் போக அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம் தானே பற்ற வைத்துக்கொள்வாள்.