கமெராவைத் தூக்க வைப்பது எது?

வன்னியில் படமெடுக்கும் இளையவர்களின் கேள்விகளுக்குப் புகைப்பட ஊடகவியலாளர் ஒருவரின் பதில்கள்.

மாங்குளத்திலிருந்து: அண்ணை, இந்தத் தொழிலில் காசும் இல்லை, பயமும் கூட. பிறகு ஏன் சிலர் விடாமல் செய்கிறார்கள்?

இரக்கத்தால் என்பார்கள், தம்பி. எனக்கு அது பாதிப் பதில்தான். ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற கோபம்தான் மீதிப் பாதி. 2009இல் சுயாதீன ஊடகவியலாளர்களைப் போர்ப் பகுதிக்குள் விடவில்லை. உள்ளே இருந்தவர்கள் எடுத்த படங்கள் இல்லையென்றால் இன்று எதைக் காட்டிப் பேசுவோம்?

அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைனைப் பாருங்கள். ஆசிரியராக இருந்தவர். 1908இல் குழந்தைத் தொழிலாளருக்கான தேசியக் குழுவுக்குப் படமெடுக்கப் போனார். ஆலைக்காரர்கள் விடமாட்டார்கள் என்று பைபிள் விற்பவர் போலவும் உள்ளே போயிருக்கிறார். தன் சட்டைப் பொத்தான்களை அளவாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கணித்து, பைக்குள் கைவிட்டபடியே குறிப்பெடுத்தார். 1916இல் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, 1918இல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. நிலைத்து நின்ற சட்டம் வந்தது 1938இல்தான். வெறும் இரக்கம் இவ்வளவு காலம் தாங்காது.

கிளிநொச்சியிலிருந்து: காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். இனி நான் எடுத்து என்ன மாறப்போகிறது?

தங்கச்சி, 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் அது. ஆண்டு நிறைவு நாளில் கமெராக்கள் குவியும். நீங்கள் யாரும் வராத ஒரு சாதாரண நாளில் போங்கள். அழுகிற முகத்தைத் தேடாதீர்கள். அந்த அம்மா பிடித்திருக்கும் படத்தைப் பாருங்கள்: லெமினேற் உறைக்குள் நிறம் வெளிறிய பிள்ளையின் முகம், மூலையில் பிடித்துப் பிடித்துச் சுருங்கிய உறை. படத்தைச் சாட்சியாகத் தூக்கி நிற்பவர்கள் அவர்கள்தான், நாங்கள் பின்னால் வந்தவர்கள். பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மாரும் உண்டு. அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து: முதலில் உதவியா, படமா?

உங்கள் கையால் ஆகுமென்றால் உதவிதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

முல்லைத்தீவிலிருந்து: சம்மதித்தவர் பிறகு ‘என் படம் வேண்டாம்’ என்றால்?

நீக்கிவிடுங்கள். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசக் கழிவால் பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் படத்தை 1971இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித் எடுத்தார். உலகத்தையே உலுக்கிய படம். மகள் இறந்த பிறகு, அது இனிப் பரவ வேண்டாம் என்று பெற்றோர் விரும்பினார்கள். படத்தின் உரிமையை வைத்திருந்த, யூஜீனின் முன்னாள் மனைவி ஐலீன் ஸ்மித் 1998இல் முடிவை அவர்களிடமே விட்டார். அவ்வளவு பெரிய படத்துக்கே அது பொருந்துமென்றால் நம்முடையதற்கும் பொருந்தும். அதோடு, இங்கே ஒரு முகம் வெளியே வந்தால் வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வரலாம். எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கேட்க வேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

தாராளமாகப் போதும். திகதி, இடம், என்ன நடந்தது என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போலப் படமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், எடுத்த நேர விவரமும் போய்விடும். அதனால் மூலப் படத்தை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.