குற்றம் சாட்டப்பட்ட விளையாட்டு வீரரைத் தீர்ப்பு வரும் முன்பே நிர்வாகம் ஒதுக்கி வைப்பது சரியா?

நீங்கள் கிரிக்கெட் செய்தி எதையோ படித்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். நான் ஒதுக்கி வைக்கப்பட்டவன், நடுநிலையான பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

கபடிக் கோட்டாவில் ஓர் அரசு நிறுவனத்தில் வேலை. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம். லெஃப்ட் கார்னர், பாடி வருபவரை இடது ஓரத்தில் நின்று பிடிக்கும் இடம். 26 வயதில், ஊர்த் திருவிழா ஆட்டமொன்றில் நடுவர் கொடுத்த கடைசி பாயின்டில் தகராறு. நாற்காலி பறந்தது, ஒருவருக்கு மண்டை உடைந்தது. நான் கை வைக்கவில்லை. (எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பீர்கள். சரி.) எஃப்ஐஆரில் பதினொரு பேர், எட்டாவது நான்.

மறுவாரம் பயிற்சியில் இருந்தபோது அலுவலக உதவியாளர் அண்ணன் சஸ்பென்ஷன் ஆர்டரோடு வந்தார். கையெல்லாம் செம்மண். அப்படியே கையெழுத்துப் போட்டேன், தாளில் விரல் தடம் பதிந்துவிட்டது. "மனசுல வச்சுக்காத தம்பி" என்று சொல்லிவிட்டு ஜெர்ஸியையும் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றரை வருடம். பிழைப்பூதியம் பாதிச் சம்பளம். மைதானத்துக்குள் விடவில்லை. கபடியைத் தனியாக ஆட முடியுமா? ஆற்று மணலில் பள்ளிக்கூடப் பையன்களைப் பாடி வரச் சொல்லிப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அழுதுவிடுவார்கள். விடுதலையானதும் அரியர்ஸ் பைசா குறையாமல் வந்தது. குமாஸ்தாவாக இருந்தால் அத்தோடு கணக்கு நேர். எனக்கு முப்பது வயது ஆகியிருந்தது, என் கார்னரில் வேறு பையன்.

இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில் சிட்னியில் பாலியல் புகாரில் கைதானார். வாரியம் உடனே தடை விதித்தது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் விடுவித்தது, தடை அக்டோபரில்தான் நீங்கியது. இந்தியாவில் உலகக் கோப்பை அதற்குள் தொடங்கிவிட்டது. புகார் கொடுத்த பெண்ணைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். கைதான ஆளை அன்றைக்கு வேறென்ன செய்ய முடியும்? விடுவித்த பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

மல்யுத்த வீரர் சுஷில் குமார் 2021இல் கொலை வழக்கில் கைதானதும் வடக்கு ரயில்வே சஸ்பெண்ட் செய்ததே, அதில் எனக்கு மறுப்பில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அரசு ஊழியருக்கு சஸ்பென்ஷன்தான், விதி அப்படி. உயிர் போன வழக்கையும் திருவிழாத் தகராறையும் ஒரே ஆர்டரில் அடிக்காதீர்கள் என்கிறேன். ஆட்டத்திலிருந்து நிறுத்துங்கள், பயிற்சிக்கு விடுங்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது என்ன குற்றம் என்று நிர்வாகம் எழுத்தில் தரும் தாள், கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனை நீட்டக் கூடாது என்று 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. என் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: சஸ்பென்ஷனுக்கு முந்தைய வருடம் அலுவலகத்துக்காகவே ஆடப்போன 19 நாட்களை ஆன் டியூட்டி போடாமல் என் லீவில் கழித்திருக்கிறார்கள். மூன்று மனு கொடுத்தாயிற்று. போன மாதம் கேட்டால், ஃபைலைக் காணோமாம்.