தீபாவளிக்கு வாங்கிய கார்ப்பெட்டும் சின்னுவின் சிறுநீர்ப்பையும்

கேள்வி: எங்கள் வீடு பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறது. சின்னு என்று 4 வயது ஆண் பூனை வளர்க்கிறோம். குட்டியிலேயே கருத்தடை செய்துவிட்டோம். தீபாவளிக்குப் புது கார்ப்பெட் வாங்கி ஹாலில் விரித்தோம். விருந்தாளிகள் வருவார்களே என்று அதன் மணல் தட்டைப் பின்பக்கம் வாஷிங் மெஷின் அருகில் மாற்றி வைத்தோம். அன்றிலிருந்து 10 நாளாகக் கார்ப்பெட்டில்தான் ஒன்றுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. டெட்டோல் ஊற்றித் துடைத்தேன், பாச்சை உருண்டை போட்டேன், நிற்கவில்லை. கணவர் அதன் மூக்கை அந்த இடத்தில் தேய்த்து அடிக்கிறார், மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்கிறார். எங்கள் மேல் உள்ள கோபத்தில் பழிவாங்குகிறதா? மருமகள் 4 மாதக் கர்ப்பிணி. இந்த மூத்திரத்தால் குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

கால்நடை மருத்துவர் பதில்:

அம்மா, சின்னுவை மார்க்கெட்டுக்கு அல்ல, முதலில் கிளினிக்கிற்குக் கொண்டு போங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கார்ப்பெட் அல்ல, "ஐந்தாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக" என்ற வார்த்தைகள். நன்றாக இருக்கும் பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு தடவை ஒன்றுக்குப் போகும், போனால் நிறையப் போகும். கட்டிப்படும் மணல் போட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி விழ வேண்டும். கோலிக்குண்டு அளவில் ஏழெட்டு விழுந்தால் அது குறும்பு இல்லை, எரிச்சல். மனிதர்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் பாத்ரூமுக்கும் ஹாலுக்குமாக நடக்கிறோமே, அதேதான்.

இன்னொன்றை இன்றே கவனியுங்கள். குந்தி முக்கியும் ஒரு சொட்டுகூட வராமல் இருந்தாலோ, கத்தினாலோ, வாந்தி எடுத்தாலோ, ஆணுறுப்பை விடாமல் நக்கினாலோ, காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவு திறந்திருக்கும் கிளினிக்கைத் தேடிப் போங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகலானது. சளியும் படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடும். "மலச்சிக்கல் என்று நினைத்து இரண்டு நாள் பார்த்தோம்" என்று சொல்லிக்கொண்டு கொண்டுவரும் பூனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை. அடிவயிறு ஆரஞ்சுப் பழம் போலக் கெட்டியாகத் தெரிந்தால் அழுத்திப் பார்க்காதீர்கள். வலிக்கிறதே என்று பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம், ஒரே மாத்திரை உயிரை எடுக்கப் போதும்.

அடைப்பு இல்லை என்றால், சின்னு வயதுப் பூனைகளுக்கு அதிகம் வருவது கிருமியே இல்லாத சிறுநீர்ப்பை அழற்சிதான். இதில் மன உளைச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் வீட்டுத் தீபாவளியைச் சின்னுவின் பக்கத்திலிருந்து பாருங்கள்: பட்டாசு, தெரியாத கால்கள், திறந்தே கிடக்கும் கதவு, புது வாசனையோடு ஒரு விரிப்பு, தன் தட்டைக் காணோம். நமக்குக் கொண்டாட்டம், அதற்கு வீடே பறிபோன மாதிரி. இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும், பிறகு திரும்பியும் வரும். அதனால்தான் என்ன மருந்து கொடுத்தாலும் குணமானது போலத் தெரிகிறது. இளம் பூனைக்குச் சிறுநீரைப் பரிசோதிக்காமலே ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முக்கியமாக வேண்டியது வலி குறைய மருந்தும் நிறையத் தண்ணீரும். பூனைகளின் முன்னோர்கள் வறண்ட நிலத்துக்காரர்கள், அவற்றுக்குத் தாகம் குறைவு. உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர், டின் உணவில் முக்கால் பங்கு. ஆகவே டின் உணவுக்கு மாறுங்கள், அதிலும் ஒரு கரண்டி தண்ணீர் கலந்து கொடுங்கள். கெம்போங் மீன் அவித்த தண்ணீர் வைத்தால் அநேகமாக எந்தப் பூனையும் வேண்டாம் என்று சொல்லாது. ஆனால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

பழிவாங்கலா என்று கேட்டீர்கள். இல்லை. தட்டில் குந்தும்போது வலித்தால் தட்டுதான் வலிக்க வைக்கிறது என்று பூனை முடிவு செய்துகொள்ளும். மெத்தென்று, உடனே உறிஞ்சிக்கொள்ளும் வேறு இடத்தைத் தேடும். மொசைக் தரையில் அப்படி ஒரு இடம் உங்கள் கார்ப்பெட் மட்டும்தான். நான் வீடு மாறியபோது என் பூனை என் துணிப்பையில் மூன்று தடவை போய் வைத்தது. மருத்துவர் வீட்டுப் பூனை ஆயிற்றே என்று அது யோசிக்கவில்லை. மூக்கைத் தேய்த்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஐயா கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போக வேண்டும். அடுத்தது சோபாவுக்குப் பின்னால். பயம் கூடினால் சிறுநீர்ப்பையும் இன்னும் மோசமாகும். ஐயாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அப்புறம் அந்தத் தட்டு. இன்றைக்கே பழைய இடத்திற்குக் கொண்டு வாருங்கள். வாஷிங் மெஷின் சுழலும் சத்தத்தில் நிம்மதியாகக் குந்த எந்தப் பூனையாலும் முடியாது. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு என்பதுதான் நாங்கள் சொல்லும் கணக்கு, அதனால் இன்னொன்றும் வாங்கி வைத்துவிடுங்கள். மூடி போட்ட தட்டு வேண்டாம், நாற்றம் உள்ளேயே தங்கும். பூனைக் கடையில் விற்கும் சின்னத் தட்டுகளை விட, துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி வைத்தால் மலிவாகவும் இருக்கும், அது திரும்பிக் குந்த இடமும் கிடைக்கும். வாசனை போடாத பொடி மணல் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்திற்கு இருக்கட்டும். லாவெண்டர் வாசனையெல்லாம் நம் மூக்குக்காகப் போடுவது. தட்டைக் கட்டாயம் நகர்த்தத்தான் வேண்டும் என்றால், குணமான பிறகு ஒரு நாளைக்கு ஒரு சாண் வீதம் நகர்த்துங்கள்.

திரைச்சீலையிலோ சுவரிலோ, நின்றபடி வாலைச் சிலிர்த்துப் பீய்ச்சினால் கதை வேறு, அது எல்லை குறிப்பது. கேட்டுக்கு வெளியே தெருக் கடுவன் ஏதும் சுற்றுகிறதா என்று பாருங்கள். கருத்தடை செய்த ஆண் பூனைகளில் பத்தில் ஒன்று அப்படியும் பீய்ச்சும். சின்னு குந்தித்தான் போகிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து படுகிறது, எதற்கும் ஒரு தடவை கவனியுங்கள்.

கர்ப்பிணி விஷயம். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்திருப்பீர்கள். அது பூனையின் மலத்தில் வருவது, மூத்திரத்தில் வராது. மலத்திலும் குறைந்தது ஒரு நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே தட்டைத் தினமும் அள்ளுங்கள், அந்த வேலையை மருமகளிடம் கொடுக்காதீர்கள். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும்தான் பலருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. சின்னுவை மடியில் வைத்துக் கொஞ்சுவதில் தவறில்லை. ஆனால் பாச்சை உருண்டையை இன்றே எடுத்து வெளியே போடுங்கள். நக்கினால் பூனைக்கு விஷம், ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்கும் அது ஆகாது. நம் மலேசியாவில் பிறந்தவுடன் குழந்தைக்கு அந்தச் சோதனை செய்வார்கள், டாக்டரும் இதையே சொல்வார். டெட்டோலும் வேண்டாம். காலில் ஒட்டியதைப் பூனை நக்கி விழுங்கும், அதன் கல்லீரலால் அந்த வகை ரசாயனத்தைச் சமாளிக்க முடியாது. குளோராக்ஸ் பிளீச்சை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரோ பூனை மூக்குக்கு மூத்திரம் மாதிரியே இருக்கும், "இங்கே போ" என்று நாமே எழுதி வைப்பது போல.

சரி, கார்ப்பெட். ஈரமாக இருக்கும்போதே பழைய துண்டைப் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஒற்றுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை, மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இறங்கும்படி ஊற்றித் தானாகக் காய விடுங்கள். மேலே மட்டும் தெளித்தால் பிரயோசனமில்லை. அடியில் தங்கிப்போன மூத்திரம் ஈரக்காற்று பட்டால் மறுபடியும் நாறும். பினாங்கில் தீபாவளி மழையோடுதான் வரும், உங்கள் ஹாலில் நாற்றம் போய்ப்போய் வருவது அதனால்தான். பழைய கறைகள் எங்கெங்கே என்று தெரியாவிட்டால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு புற ஊதாக்கதிர் (யுவி) டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கலாக ஒளிரும்.

அடிப்பஞ்சு வரை ஊறிப்போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சுத்தம் செய்து காயவைத்து, ஒரு மாதத்திற்குச் சுருட்டி அலமாரி மேல் வையுங்கள். மணலில் ஒழுங்காகக் கட்டிகள் விழ ஆரம்பித்த பிறகு மறுபடியும் விரிக்கலாம், முதல் வாரம் நீங்கள் ஹாலில் உட்கார்ந்து நாடகம் பார்க்கும் நேரத்திற்கு மட்டும். சின்னுவின் சாப்பாட்டுக் கிண்ணத்தையும் அதன் மேலேயே வையுங்கள், சாப்பிடும் இடத்தில் பூனை சாதாரணமாக ஒன்றுக்குப் போகாது. படுக்கப் போகும்போது மறக்காமல் சுருட்டிவிடுங்கள்.