பாஸ்தா மைதாவா? பாக்கெட்டின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: சோழிங்கநல்லூரில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறேன். வயது 27. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு கெட்டில், அவ்வளவுதான் என் சமையலறை. இரவில் சிக்கனும் காய்கறியும் போட்டுப் பாஸ்தா செய்துகொள்கிறேன். "பாஸ்தா முழுக்க மைதா, நிறுத்துங்கள். குளூட்டன் இல்லாத பாஸ்தா என்னிடமே கிடைக்கும்" என்கிறார் ஆன்லைன் டயட் கோச். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா? ஓர் ஆளுக்கு எவ்வளவு போடுவது?

பதில்: வாங்க வேண்டாம். ஆலோசனை சொல்பவரே சரக்கையும் விற்றால், ஆலோசனை எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். டயட்டீஷியன்களையும் சேர்த்து, மருத்துவம் சார்ந்த பணிகளை முறைப்படுத்த 2021-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் 'கோச்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இன்றைக்கும் யாரும் யாரிடமும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் பயமுறுத்தி அனுப்பியவர்களைத் தேற்றுவதிலேயே எனக்குப் பாதி நாள் போய்விடுகிறது.

எல்லாப் பாஸ்தாவும் மைதா இல்லை. துரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்ததுதான் அசல். அது வெந்தாலும் குழையாது, மாவுச்சத்தும் மெதுவாகத்தான் செரிக்கும். சாக்கில் கொட்டி எடை போட்டு விற்கும் மலிவு மக்ரோனியில் மைதா இருக்கலாம். பாக்கெட்டின் முன்பக்கத்துக் கோதுமைக் கதிர் படத்தை நம்பாமல் பின்பக்கம் திருப்பி 'இன்கிரீடியன்ட்ஸ்' வரியைத் தேடுங்கள். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் பெயர் 'துரம் வீட் செமோலினா' என்றிருந்தால் எடுக்கலாம், 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றால் அது மைதா. வெறும் 'வீட் ஃப்ளோர்' என்று மழுப்பியிருந்தாலும் வைத்துவிடுங்கள். இந்த விவரத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதுமாம், தமிழில் வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த எழுத்தும் எறும்பு சைஸில். பாக்கெட்டின் முன்பக்கமே நட்சத்திரக் குறி போட்டு நல்லது கெட்டதைக் காட்டலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வரைவு வெளியிட்டது. அதை நம்பி நான் கண்ணாடியைக் கழற்றிவிடவில்லை.

குளூட்டன் இல்லாத பாஸ்தா யாருக்குத்தான்? சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு. அவர்களுக்குக் கோதுமையின் புரதமான குளூட்டனே சிறுகுடலைப் புண்ணாக்கும். வட இந்தியாவில் இது அதிகம், நம் பக்கம் குறைவு. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை உண்டு, ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். கோச் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம். நோய் உறுதியானால் பாஸ்தாவை மட்டும் மாற்றிப் பயனில்லை. பரோட்டா, சப்பாத்தி, ரவா உப்புமா எல்லாமே போக வேண்டும். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பார்கள். வேண்டாத குளூட்டனுக்காக மூன்று மடங்கு காசு கொடுத்துவிட்டு, அதே கையால் பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இந்த நோய் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பிறகு ஏன் அரிசி மாவையும் சோள மாவையும் பாஸ்தா விலைக்கு வாங்க வேண்டும்?

அளவுக்குத் தராசு வேண்டாம். அரைக் கிலோ பாக்கெட் ஏழு தடவைக்கு வர வேண்டும், அதாவது ஒரு தடவைக்கு 70 கிராம். சிக்கன் 100 கிராம். காய்கறி, கண்ணுக்குப் பாஸ்தாவைவிட அதிகமாகத் தெரிய வேண்டும். சிக்கனும் பாஸ்தாவும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிராம் புரதம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாள் தேவையே 50 கிராம்தான்.

செய்முறை சொல்கிறேன். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டுவிட்டு, வாணலியில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் தட்டிய பூண்டு, வெங்காயம், விரல் நுனி அளவுக்கு நறுக்கிய போன்லெஸ் சிக்கன். சிக்கன் வெளுத்ததும் தக்காளி, மிளகுத்தூள், உப்பு. மூடி ஏழெட்டு நிமிடம் வைத்து, பெரிய துண்டொன்றைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. கிண்ணத்தில் கொட்டிவிட்டு, அதே வாணலியில் கெட்டில் தண்ணீரை ஊற்றிப் பாஸ்தாவைப் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரம் வேகவிடுங்கள். கடைசி நாலு நிமிடத்தில் கேரட்டும் பீன்ஸும் அதிலேயே வேகட்டும். வடிக்கும்போது அரை டம்ளர் தண்ணீரை எடுத்து வையுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுதான் மசாலாவைப் பாஸ்தாவோடு ஒட்டவைக்கும், கிரீமும் சீஸும் தேவைப்படாது. எல்லாவற்றையும் சேர்த்து, குடைமிளகாயைத் தூவி இரண்டு புரட்டு. இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். வெந்த பாஸ்தாவைக் குழாயில் அலசினால் அந்த ஒட்டும் தன்மை போய்விடும்.

சிக்கனையும் குழாயடியில் அலச வேண்டாம். தெறிக்கும் நீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும். கேட்காத மனசு என்றால் பாத்திரத்துத் தண்ணீரில் மெல்ல அலசி ஊற்றிவிடுங்கள்.

எண்ணெய்க்கு வீட்டுக் கடலெண்ணெயே போதும். சூப்பர் மார்க்கெட்டில் சீருடை போட்டு நிற்கும் பையன் 'ஆலிவ் ஆயில், பாதி விலை' என்று நீட்டினால் 'பொமேஸ்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். ஆலிவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து ரசாயனம் விட்டு எடுத்துச் சுத்திகரித்தது அது. பாட்டில் சாஸும், உடனடிப் பாஸ்தாவோடு வரும் மசாலாப் பொட்டலமும் உப்பு மூட்டைகள். ஒரு நாள் முழுமைக்கும் 5 கிராம் உப்புதான் கணக்கு.

முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், கை பழகிவிட்டால் இருபத்தைந்து நிமிடம். ஃப்ரிட்ஜ் இருந்தால், அரைக் கிலோ போன்லெஸ் வாங்கும் அன்றே ஐந்து கவர்களாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மறுநாளுக்கு வேண்டியதை முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி, ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள்.